மலை வண்டியில் நான் தினமும் எடுத்த படம்

கமலி, சேகர், இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் எழுதினால் ஒருமுறையாவது கடைசி வரைக்கும் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமலி, போன வாரம் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின். பின்னால் பாட்டு ஓடுகிறது. "எவ்ளோ லைக் பாருப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். முதல் தடவை உன்னை மட்டும் பார்த்தேன், பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் ஒரு பெண் முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கிறாள். மூன்றாம் தடவை அவளைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. சேகர், நீயும் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு 'லைவ்' போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதனால் உனக்கும் சேர்த்துத்தான் இது.

என் சர்வீசில் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். ஒரு பெரியவர் படியில் சரியாகக் கால் ஊன்றும் முன்பே விசில் அடித்து அவரைக் கீழே விழ வைத்திருக்கிறேன். கடைசி ஸ்டேஜில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்க்காமல் வண்டியைப் பூட்டியிருக்கிறேன். அதற்கெல்லாம் மெமோ வந்தது, பதில் எழுதிக் கொடுத்தேன், முடிந்தது. இப்போது சொல்லப்போவது மெமோ வராத தப்பு. அதனால்தான் அது இன்னும் முடியவில்லை.

நான் கடைசி ஆறு வருஷம் கண்டக்டராகப் போனது ஆலங்காயத்திலிருந்து மலைக்குப் போகிற மாலை வண்டி என்று உங்களுக்குத் தெரியும். நாலரைக்குக் கிளம்பும். அதை விட்டால் மறுநாள் காலைதான். மலையில் ஊர்கள் ரோட்டு மேலேயா இருக்கின்றன? நிறுத்தத்தில் இறங்கி இரண்டு மைல், மூன்று மைல் காட்டு வழியாக நடக்க வேண்டும். கரடி பயம். கையில் மூட்டை, கைக்குழந்தை. அதனால் வீட்டு ஆட்கள் நிறுத்தத்துக்கு வந்து நிற்பார்கள். ஆனால் வருகிறவர் இந்த வண்டியில் வருகிறாரா, நாளைக்கு வருகிறாரா என்று எப்படித் தெரியும்? எத்தனையோ நாள் வந்து நின்று, ஆள் இல்லாமல் சும்மா திரும்பிப் போவார்கள்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டி கிளம்பும்போது டிரைவர் பக்கத்தில் நின்று, உள்ளே இருக்கிற எல்லாருடைய முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுப்பேன். "நாலரைக்குக் கிளம்பிட்டோம். ஆள் பாத்துக்கோங்க" என்று எழுதி, மலை ஊர்க்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். மேலே ஒவ்வொரு ஊரிலும் சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று இருக்கும். யாராவது ஒருவர் அதன்மேல் ஏறிப் படத்தைப் பார்த்து, "உங்க மாமா வர்றாரு, உங்க பொண்ணு வருது" என்று கூவுவார். சரியாக அந்த வீட்டு ஆட்கள் மட்டும் டார்ச்சோடு நிறுத்தத்தில் நிற்பார்கள். ஒருமுறை நிறைமாதப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு நாலு பேர் கட்டிலோடு வந்து நின்றார்கள். அன்றைக்கு எனக்கு மாலை போடாத குறை.

பிறகு கேரளாவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன மலைப் பிள்ளைகள், "எங்களையும் சேத்துக்கோங்கண்ணா, ஊரு மொகத்தைப் பாத்தா போதும்" என்று கேட்டார்கள். குரூப்பில் இடம் இல்லை. டிரைவரின் மருமகன் பேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குரூப்பை விட்டுவிட்டு எல்லாரும் அதற்கே மாறினோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பில் பக்கத்தின் பெயரை ஸ்டிக்கராக அடித்து ஒட்டினோம். யார் யாரோ பார்த்தார்கள். காலையில் பல் விளக்கும் முன்பே எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். உங்கள் அம்மா திட்டியது ஞாபகம் இருக்கும். மலை ஜனங்களுக்காக ஆரம்பித்தது, பாதியில் எனக்காக ஆகிவிட்டது. அது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. தினம் நம் வண்டியில் வருகிற நர்சம்மா ஒருவர். மேலே சுகாதார சப் சென்டரில் தங்கி வேலை பார்த்தவர்; காலை வேலை முடிந்ததும் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிட்டு மாலை நம் வண்டியில் திரும்புவார். ஒருநாள் டிக்கெட் வாங்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, என் படம் வேணாம்ணா. யாரோ ஒருத்தன் தெனம் மெசேஜ் அனுப்பறான். இன்னைக்குப் பச்சைப் புடவையா, இன்னைக்கு ஏன் டல்லா கீறேன்னு. நான் எந்த வண்டில, எந்த சீட்டுல வர்றேன்னு அவனுக்குத் தெரியுது."

"பிளாக் பண்ணிடுங்கம்மா."

"பண்ணா வேற பேர்ல வர்றான்."

"அப்ப கடைசி சீட்டுல உக்காருங்க. அங்க வெளிச்சம் பத்தாது, மொகம் தெரியாது" என்றேன் நான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

படத்தை நிறுத்த வேண்டியவன், அந்த அம்மாவை இடம் மாறி உட்காரச் சொன்னேன். அவரும் அன்றிலிருந்து கடைசி சீட்டுக்குப் போனார். மலை ரோட்டில் கடைசி சீட்டு எப்படித் தூக்கிப் போடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவள் இறங்கிய நிறுத்தத்தின் பெயரையும் எழுதமாட்டேன். ஒருமுறை காட்டிக் கொடுத்தது போதும்.

கமலி வயதுதான் இருக்கும். கையில் ஒரு பெண் குழந்தை, ஐந்து வயது. பள்ளிக்கூடச் சீருடையோடு குழந்தை, ஒரு காலில் மட்டும் செருப்பு. மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்கு இதைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவள் மாற்றுத் துணி இல்லாமல் வருவாளா? எனக்குப் புரியவில்லை. எனக்கு நாலரை ஆகிறது, படம் போட வேண்டும்.

நான் போனைத் தூக்கியதும் அவள் கையைக் குறுக்கே வைத்தாள். "இன்னாத்துக்கு அண்ணா படம்?"

"மேல வூட்டு ஆளுங்க பாத்துட்டு வந்து நிப்பாங்கம்மா. பயப்படாத, நல்லாத்தான் வரும்."

வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி முகம்தான் விழும் போலிருந்தது. எனக்குப் படம் நன்றாக வர வேண்டும். "பாப்பா, இங்க பாரு!" என்று கூப்பிட்டேன். குழந்தை நேராகப் பார்த்து, முன்பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்தது. அன்றைய படத்தில் எல்லாரையும்விடத் தெளிவாக விழுந்தது அந்த முகம்தான்.

வழியில் குழந்தை என்னோடு ஒட்டிக்கொண்டது. விசிலை ஊதிப் பார்க்கக் கேட்டது, கொடுத்தேன். இறங்கும்போது, "நாளைக்கும் நிறுத்தத்துக்கு வா பாப்பா, இன்னொரு படம் எடுக்கலாம்" என்றேன். குழந்தையின் அம்மா வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். வண்டி நகர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் படத்துக்குக் கீழே கேரளாவிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். "அட, நம்ம ஊருப் பொண்ணு! சித்தி வூட்டுக்கு வந்துகீது போல" என்று ஊர்ப் பெயரோடு. பாவம், அவனும் ஆசையில் எழுதியதுதான். அதற்கு நான் ஒரு இதயம் போட்டேன்.

அன்று மாலை ஆலங்காயத்தில் ஒருவன் ஏறினான். வெள்ளைச் சட்டை, கையில் பிஸ்கட் பாக்கெட், ஒரு பொம்மை. அந்தக் கேரளாப் பையன் எழுதியிருந்த ஊரைச் சொல்லி டிக்கெட் கேட்டான். டிக்கெட்டைக் கொடுத்தேன். அவனாகவே பேச்சுக் கொடுத்தான்.

"நீங்கதான் படம் போடறவராண்ணா? சூப்பரா போடறீங்க." போனை என் பக்கம் திருப்பினான். நான் எடுத்த படம். அந்தக் குழந்தையின் முகம் மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கப்பட்டிருந்தது. "என் பொண்ணு" என்றான்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் பிஸ்கட் வாங்கி வருகிற தகப்பன்தானே என்று நினைத்தேன். கடைசி சீட்டுக்கு டிக்கெட் போடப் போனபோது நர்சம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணா, கொழந்தை படத்தக் காட்டறானே, அவன் நேத்து வந்த அந்தப் பொண்ணு புருஷன்தான? காலைல அந்த ஊருக்குப் போனேன், அது முதுகுக்கு மருந்து போட்டேன். இஸ்திரிப் பெட்டியால சுட்டுகீறான். கொழந்தையத் தூக்கினு ஓடி வந்துகீது. தான் இங்க கீறது அவனுக்குத் தெரியவே கூடாதுன்னு என் கையப் புடிச்சுனு அழுதுது."

அப்போது வண்டி அடிவாரம் தாண்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவோடு சிக்னல் போய்விடும். அந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கி ஓரமாகப் போவதுபோல் போய் மேலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் அடித்தேன். திருவிழாவுக்கு எல்லாரும் போயிருக்கிறார்கள், ஆள் வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த ஊருக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பேஸ்புக் பக்கத்தில் எழுதிப் போட்டால் பாறைமேல் இருக்கிறவர் பார்ப்பார். ஆனால் அவன் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊரெல்லாம் கேட்கட்டும் என்று நான் வைத்த மைக்கில் ரகசியம் பேச முடியுமா? போனைப் பைக்குள் போட்டேன்.

டிரைவர் என் காதருகே சொன்னார். "பின்னாடி ஒரு பைக்கு. அடிவாரத்துல இருந்து வழி விடறேன், முந்தமாட்டேன்றான்." அதையும் கேட்டுக்கொண்டேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த நிறுத்தத்தில் நிறுத்தாமல் கடைசி ஸ்டேஜுக்குக் கொண்டுபோய்விடலாம், ஸ்டேஷன் அங்கேதான் இருக்கிறது. நிறுத்தம் நெருங்கியும் நான் விசில் அடிக்கவில்லை. அவன் எழுந்தான்.

"இன்னாண்ணா, நான் எறங்கணும்."

"இங்க நிக்காது. கடைசிலதான் நிக்கும்."

"டிக்கெட்டு குடுத்தீங்களே?"

முன்சீட்டிலிருந்து ஒருவர், "இன்னாய்யா கண்டக்டர், தெனம் நிக்கற எடம்தான? இன்னைக்கு இன்னா புதுச் சட்டம்?" என்றார். இன்னொருவர், "பொண்டாட்டியப் பாக்கப் போறவன மறிக்கிறியே, உன் வூட்ல சோறு போடலையா?" என்றார். வண்டியே சிரித்தது.

அவனும் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "சின்ன மனஸ்தாபம்ங்க. கூட்டினு போவ வந்தேன். எங்க கீறாங்கன்னே தெரியாம அலைஞ்சினு இருந்தேன். கண்டக்டர் அண்ணன் படம் போட்டாரு, பாத்துட்டேன். அவருக்குத்தான் நன்றி சொல்லணும்."

நர்சம்மா கடைசி சீட்டிலிருந்து எழுந்தார். அவன் திரும்பிப் பார்த்தான். "நர்சம்மா, கடைசி சீட்டுல இருந்தாலும் நீங்களும் தெனம் படத்துல வர்றீங்களே. நானும் பாப்பேன்" என்றான். அவ்வளவுதான். அவர் முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான், பிள்ளைகளே, நீங்கள் நின்று படிக்க வேண்டும். அந்த வண்டியில் இருந்தவர்கள் நாற்பது பேர். பாதிப் பேர் அந்தப் பெண்ணுக்கு உறவு முறை. "இவன் அவளைச் சுட்டவன், ஓடி வந்தவளை நான் புத்தியில்லாமல் படம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டேன்" என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் அவனை அங்கேயே பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். முதல் வரியைச் சொல்ல எனக்குப் பயமில்லை. இரண்டாவது வரிதான் வாயில் வரவில்லை. இத்தனை நாள் "நம்ம கண்டக்டர், நம்ம கண்டக்டர்" என்றவர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டுமே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றைச் சொல்ல முடியாது. இரண்டையும் விழுங்கினேன்.

"நிறுத்துய்யா!" என்று சத்தம் கூடியது. நான் விசில் அடித்தேன். நான்தான் அடித்தேன்.

இருட்டுகிற நேரம். நிறுத்தத்தில் சித்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு நின்றிருந்தார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை. தலை வாரி, பூ வைத்திருந்தது. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "படம் எடுக்கற மாமா!" என்று கத்தியது. அப்புறம் எனக்குப் பின்னால் இறங்குகிறவனைப் பார்த்து, "அப்பா!" என்றது.

அவன் பொம்மையைக் கொடுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். பெரியவருக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. பழக்கத்தில், "வாங்க மாப்ள" என்றார். பின்னால் வந்த பைக் பக்கத்தில் வந்து நின்றது. குழந்தையோடு அதில் ஏறினான், ஓட்டி வந்தவன் திருப்பினான், இறக்கத்தில் போய்விட்டார்கள். குழந்தை பயப்படவில்லை, அழவும் இல்லை. பைக்கில் போகிற சந்தோஷத்தில் எனக்கு டாட்டா காட்டியது. அந்த ரோட்டில் பஸ்ஸைத் திருப்ப இடம் கிடையாது.

போலீஸ் வந்தது, விசாரித்தது. "தகப்பன்தானே தூக்கினு போனான், கோர்ட்டுலதான் பாக்கணும்" என்றார்கள். அந்த வீட்டுக்காரர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வேண்டுமென்று செய்தேன் என்று யாருமே நினைக்கவில்லை. அன்றிரவே பக்கத்தை அழித்தேன். டிரைவரின் மருமகன், "மாமா, நீ அழிச்சா உன்னுதுதான் போவும். மத்தவங்க எறக்கி வெச்சுகீறது அப்படியேதான் இருக்கும்" என்றான். இப்போதும் அந்தக் குழந்தை யாருடைய போனிலோ பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பெரியவளாகி வளர்ந்த பிறகும்.

படம் எடுக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் எடுங்கள், கல்யாணத்தில் எடுங்கள். வேலையில் இருக்கும்போது, நம்மை நம்பி ஏறியவர்களை எடுக்காதீர்கள். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், கூட யார் இருந்தார் என்பது கண்டக்டருக்குத் தெரியும். அவர்கள் நம்மிடம் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். நம்மிடம் மட்டும் சொன்னது அது. வேண்டாம் என்று ஒருவர் கை காட்டினால் ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல முடியாதவர்கள்தான் அப்படிக் கை காட்டுவார்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கூட வருகிற குழந்தை சிரித்துக் காட்டிக் கொடுத்துவிடும். நாளைக்கும் இதே நேரம் இதே வண்டி என்று நாம் எழுதுவதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் டார்ச் எடுத்து வருகிறவர்கள் இல்லை. தப்பு நடந்துவிட்டால், அதைச் செய்தது நான் என்று அந்த இடத்திலேயே, அந்தக் கூட்டத்திலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கம் ஒரு நாளோடு போய்விடும். நான் சொல்லாமல் விட்டது என்னை விட்டு இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை நம் வண்டி மலையிலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் ஏறினாள். தனியாக. சித்தி நிறுத்தம் வரைக்கும் வந்து, "போவாதடி, போவாத" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "கொழந்தை அங்க கீது சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி ஏறினாள். அன்றைக்கு உட்கார்ந்த அதே சீட்டில் உட்கார்ந்தாள். முதுகு சீட்டில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் கொடுக்கப் போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

அவள்தான் பேசினாள். "இன்னைக்குப் படம் எடுக்கலையாண்ணா?"

நான் டிக்கெட்டை நீட்டினேன்.

"எடுங்க. நான் பத்திரமா வண்டில போறேன்னு எங்க சித்தி பாக்கட்டும்."

குத்திக் காட்டினாளா, உண்மையாகவே கேட்டாளா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அவள் குரலில் கோபம் இல்லை. ஆலங்காயத்தில் இறங்கி, வாணியம்பாடி வண்டி நிற்கிற பக்கம் நடந்துபோனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. நர்சம்மாவும் அந்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாரும் இறங்கியதும் டிரைவர் டீ குடிக்கப் போனார். வண்டிக்குள் நான் மட்டும். தடுப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பெட்டிச் சாவியால் சுரண்டினேன். வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது. பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை ஊற்றி ஊற வைத்து, நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்த்தேன். கடைசியில் தடுப்பின் பழைய பச்சைப் பெயின்ட் சதுரமாகத் தெரிந்தது. கீழே விழுந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த சீட்டை ஒருமுறை துடைத்துவிட்டு இறங்கினேன்.